சொந்த வீட்டுக் கதவைத் தட்டாதவள்

பார்சல் குடோனில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. மற்றவர்கள் பைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்த பிறகும், அவள் ஒவ்வொரு பார்சலாக எடுத்து, முகவரியை வாய்விட்டுப் படித்து, தெரு வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருப்பாள். "மின்னல் கெளம்புது, எல்லாரும் ஒதுங்குங்கப்பா!" என்பார் சூப்பர்வைசர். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவள் கொண்டுபோன பார்சல் ஒன்றுகூடப் பக்கத்து வீட்டுக்குப் போனதில்லை. வாசலிலும் அதே கறார்தான். கதவைத் திறக்கும் முன்பே ஓடிபியை உள்ளிருந்து கத்துபவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "முதல்ல பார்சலக் கையில வாங்குங்க, பேரைப் பாருங்க, அப்புறம் நம்பரச் சொல்லுங்க. ஊருக்கே ஏலம் போடாதீங்க" என்பாள்.

இப்படிப்பட்டவள் மேல் போன மாதம் ஒரு புகார். பச்சை கேட் வீட்டு அம்மாள் கொடுத்தது. ஆள் வரவே இல்லையாம். வந்து பார்த்து வீடு பூட்டியிருந்ததாகப் பொய்ச் செய்தி மட்டும் வந்ததாம். இன்னொரு புகார் வந்தால் தெருவை மறந்துவிட்டு குடோனுக்குள் பெட்டி பிரிக்க உட்கார வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வெயிலோ மழையோ, தெருத்தெருவாய்ச் சுற்றி நாலு பேரிடம் வாயடித்தால்தான் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்கும். அந்தக் குடோனிலோ ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி போடுபவர். விடியும் முன்பே அடுப்படிக்குப் போய்விட்டு மதியம் திரும்பிப் படுத்தாரென்றால், கும்பகர்ணனுக்கே குறட்டை கற்றுக்கொடுப்பார்.

அன்று மாலை, அவர் பேருக்கு வந்திருந்த பார்சலைக் கடைசியாகப் பையில் வைத்துக்கொண்டு அவள் படியேறி வந்து, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது, மனிதர் கட்டிலில் திருட்டு முழி முழித்துக்கொண்டு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. நீ போய் மூஞ்சியக் கழுவு."

"மூஞ்சி எங்கயும் ஓடிடாது. போனக் குடுங்க."

கொடுத்தார். 'உங்கள் பார்சலுடன் ஊழியர் வந்தபோது கதவு திறக்கப்படவில்லை. மீண்டும் அனுப்பச் சிறு கட்டணம் செலுத்தவும். தவறினால் ஊழியர் மீது புகார் பதியப்படும்.' கீழே ஒரு லிங்க்.

"நான் ஆர்டர் போட்ட பார்சலோட மத்தியானம் நீ வந்து தட்டிருக்க, நான் செத்த பொணமாட்டம் கெடந்திருக்கேன்" என்றார் அவர். "இன்னொரு புகார் வந்தா உன்னய உள்ள தூக்கிப் போட்ருவாங்கல்ல? அதான் கமுக்கமா கட்டிரலாம்னு கார்டு நம்பரப் போட்டுட்டேன். உன் பொழப்பு என் தூக்கத்தால போகக்கூடாதுல்ல!"

அவள் கையிலிருந்த சாவிக்கொத்தை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"இது என்ன?"

"சாவி."

"எந்த வீட்டுச் சாவி?"

"நம்ம வீட்டு..." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"சொந்த வீட்டுக்கு வர்றவ எதுக்குங்க கதவத் தட்டிட்டு, யாருமில்லன்னு திரும்பிப் போகப்போறா?"

அந்த நேரம் பார்த்துப் போன் சிணுங்கியது. வங்கியிலிருந்து ஓடிபி. கூடவே தொகையும். சிறு கட்டணம் என்ற பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை; அவர்கள் ஸ்கூட்டரை விற்றால்கூட அவ்வளவு வராது. அதை அவள் வாசித்து முடிப்பதற்குள் ஓர் அழைப்பு. பேசியவன் குரலில் தேன் ஒழுகியது.

"சார், பார்சல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லுங்க சார்."

"சார் பக்கத்துல இருக்கார். கதவத் தட்டின ஆள் யாருங்க?"

"எங்க டெலிவரி பையன்மா. ரொம்ப நேரம் நின்னு பாத்தான், பாவம்."

"அந்தப் பையன் நான்தாண்டா. பார்சல் என் பையில இருக்கு. வர்றியா, உனக்கும் ஒண்ணு தர்றேன்!"

தேன் பட்டென்று அறுந்தது. அவள் அடுத்த மூச்சு விடுவதற்குள் கட்டிலில் கிடந்த கார்டைத் திருப்பி, அதன் பின்னால் அச்சிட்டிருந்த வங்கி எண்ணுக்குப் போன் போட்டு, கார்டை முடக்கச் சொன்னாள். பணம் போகவில்லை என்று வங்கிப் பெண் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? கம்பெனி ஆப்பத் திறந்தா பார்சல் எங்க இருக்குன்னு அதுவே சொல்லுமே."

"நீ பயந்துருவியேன்னுதான்..."

"கார்டு நம்பரக் குடுத்த கைக்கு, பொண்டாட்டிக்குப் போன் போட மட்டும் கூச்சமாக்கும்!"

அவள் பார்சலை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, "பேரப் பாத்துட்டு நம்பரச் சொல்லுங்க சார்" என்றாள். பிரித்துப் பார்த்தால், முதுகு வலிக்கிறது என்று அவள் எப்போதோ புலம்பியதை மனதில் வைத்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு மெத்தை வாங்கியிருந்தார் மனிதர்.

மறுநாள் அவள் அவர் போனை வாங்கிக்கொண்டு நேரே பச்சை கேட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் கதவை விரலளவு திறந்து, "நீயா?" என்றார். "நானேதான். போன மாசம் வந்த மெசேஜக் கொஞ்சம் காட்டுங்கம்மா." இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்துக்கு எழுத்து அதே செய்தி. அதே லிங்க். அந்த அம்மாள் கதவை முழுதாகத் திறந்தார். "அய்யோ, நான் கட்டணத்தையும் கட்டித் தொலைச்சேனே! வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வங்கிக்குச் சொல்லி முதலில் கார்டை முடக்க வைத்தாள் மின்னல். பிறகு அந்த அம்மாளே குடோனுக்குப் போன் போட்டுப் புகாரை வாபஸ் வாங்கினார். சூப்பர்வைசர் இரண்டு நாள் மின்னல் என்று கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறந்தாள்.

அவளுக்குத் தெரு மிஞ்சியது. மெத்தைதான் கொஞ்சம் தடிமன். அதில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. சிக்னலுக்குச் சிக்னல் நடைபாதை ஓரமாய் ஒதுங்கி, அதன் மேல் காலை ஊன்றித்தான் நிற்கிறாள். மெத்தையைக் கழற்றச் சொன்னால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.