புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்த வக்கீல்

மதுரைப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் என்று புத்தகம் போட்ட ஐயா, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, அதில் வரும் வக்கீல் கீழக்குயில்குடிச் சமணர் குகையில் தன்னந்தனியாக ஒளிந்திருந்தாராம். அவர் ஒளிந்திருந்தது எங்கள் வீட்டில். என் மாமனாருக்கு அவர் சிநேகிதர்.

பேரன்தான் புத்தகத்தைக் கொண்டுவந்தான், தொழுகைக்குப் பூசிய அத்தர் கையோடு. அந்த வாசனை இருக்கிறதே, அது நேரே என் கல்யாண அறைக்குக் கொண்டுபோய்விடும். நான் மருமகளாக வந்த புதிது. அத்தர், மருதாணி, அதற்கு மேல் மாமியாரிடம் பயம். போலீஸ் பயமெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு மத்தியானம் தெருமுனையில் பூட்ஸ் சத்தம். மாமி வக்கீலை இழுத்து என் கட்டிலில் உட்கார வைத்து, என் கல்யாணச் சேலையைச் சுற்றி, முக்காட்டை மடிவரை இறக்கிவிட்டார். எங்களில் புதுப்பெண் அந்நியரிடம் பேசாது, முகம் காட்டாது. என்னைக் கந்தல் சேலையோடு அடுப்படிக்குத் தள்ளினார்.

"நீ வேலைக்காரி. வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

போலீஸும் லேசுப்பட்டதல்ல. பெண்கள் பக்கம் பார்க்க மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரைக் கூட்டி வந்திருந்தது. அவர் திரையை விலக்கி வந்தபோதுதான் கவனித்தேன். சேலைக்குக் கீழே வக்கீலின் பாதம். வெடிப்பும் மயிரும், மருதாணி இல்லை. மருதாணியெல்லாம் வேலைக்காரி கையில்! இரண்டு கையையும் அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தேன். இன்றைக்கும் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையை ஒளிக்கிறேன்.

எஸ்தர் முக்காட்டைத் தூக்கினார். உள்ளே மீசை.

"யாரும்மா அது?" வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர்.

"புதுப்பொண்ணு சார். அம்மா வீட்ட நெனச்சு அழுகுது. அம்புட்டுத்தான்."

முக்காட்டை இறக்கிவிட்டு மாமியின் காதில் சொன்னார்: "பொண்ணுக்குச் சவரம் பண்ணிவிடுங்கக்கா."

போலீஸ் வெறுங்கையோடு போகவில்லை. தொப்பிக் கடை வைத்திருந்த மாமாவை, என் மாமனாரைப் பிடித்தது. "வந்துருவேன், கதவச் சாத்து" என்றார். வந்தார், இரண்டு காதும் செவிடாகி. அடித்த அடிக்கும் வக்கீலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீல் அதற்குள் கல்லுப்பட்டிப் பக்கம் போய்விட்டார்.

சுதந்திரம் வந்து வக்கீல் மாலையோடு ஊர்வலம் போனபோது மாமா வாசலில் நின்றார். மேளம்கூட அவருக்குக் கேட்கவில்லை. வக்கீல் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சேலை கட்டியதைச் சொல்ல வெட்கம். குகை என்றால் கௌரவம்.

இப்போது அந்த வீடு இல்லை, அங்கே லாட்ஜ் நிற்கிறது. மாமா, மாமி, எஸ்தர் யாரும் இல்லை. சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். ஐயா, எழுதுவதற்கு முன்னால் என்னிடம் வந்தீர்களே! இவ்வளவையும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். மாமாவையும் எஸ்தரையும் ஏன் விட்டீர்கள்? வீட்டுக்கு வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். புத்தகம் வெளியிட்ட அதே மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.