கண் மட்டும் வெள்ளையாக இருந்தது

ஆண்டவருக்குள் என் சொந்தங்களே, எங்கள் பங்கில் என் வாய் பிரசித்தம். அந்த வாயே அடைத்துப்போன ஒரு காலத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் இரைப்பையில் இருந்த புற்றுக்கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஆனால் அது ஈரலுக்கும் பரவியிருந்தது. அதற்குத் தினமும் மாத்திரை. இரண்டு வருஷம் அடங்கிக் கிடந்தது. நானும் பிழைத்துக்கொண்டேன் என்று பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தேன். 2007 தவக்காலத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடியும் வளர்ந்திருந்தது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்கள். முகமும் காலும் வீங்கியதுதான் மிச்சம். இன்னொரு தடவை அறுக்கலாமா என்று கேட்டோம். ஈரலில் பல இடத்தில் இருக்கிறது, முடியாது என்றார்கள். கடைசியில் டாக்டரம்மா புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையை எழுதினார். நாலு வாரம் சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் விட வேண்டும். இதற்குமேல் கையில் வேறு மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஈஸ்டர் முடிந்து சில வாரத்தில் என் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கனகசெட்டிக்குளத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கீழாநெல்லியோடு வந்துவிட்டார்.

"இது காமாலைதான் புஷ்பம். இங்கிலீஷ் மாத்திர ஈரல அரிச்சிடுச்சி. மொதல்ல அத்த நிறுத்து."

எங்கள் பக்கத்தில் உடம்பு மஞ்சளானால் யாரும் இரண்டாவது யோசனை செய்வதில்லை. நிறுத்தினேன். காலையில் கீழாநெல்லி, மோர்ச்சோறு, எண்ணெய் கிடையாது. அண்ணியின் அன்பில் குறையில்லை. ஆனால் மாத்திரை போட்டால் ஈரல் போகும், போடாவிட்டால் கட்டி வளரும். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் எனக்கு மூச்சு முட்டியது. கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருப்பது தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பூசையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. செபமாலையை மடியில் போட்டுவிட்டு ஆண்டவரிடம் நேராகக் கேட்டேன். "குணமாக்குன்னு கேக்கல. நான் இன்னா செய்யணும்னு எனக்குப் புரியிற மாதிரி யாராவது ஒருத்தர் சொல்லட்டும். அது போதும்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனிதர், "நாளைக்கிக் கோரிமேட்டுக்குப் போறோம். திட்டுனா திட்டட்டும்" என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"காமாலைன்னா மொதல்ல கண்ணு மஞ்சளாவும். உங்க கண்ணு வெள்ளையா இருக்கேம்மா. மாத்திரைக்குள்ள இருக்குற மருந்தே மஞ்ச நிறம், அது தோல்ல ஏறியிருக்கு. கை உரியறதும் அதாலதான். எதுக்கும் ரத்தம் பாத்துடலாம்."

ரத்தம் பார்த்ததில், மாத்திரை ஈரலைக் கெடுக்கவில்லை என்று வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் கேட்டது அவ்வளவுதான், அது அப்படியே கிடைத்தது. அன்றே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன். அடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கட்டி மறைந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இருந்த இடத்திலேயே இருக்கிறது, நானும் இருக்கிறேன். அந்த மாத்திரையால் முடியெல்லாம் வெளுத்துவிட்டது. அண்ணிதான் இப்போது வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்.

அடைபட்டுக் கிடக்கிறவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவரிடம் கோபமாகக்கூடக் கேளுங்கள், தாங்கிக்கொள்வார். டாக்டரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். வரும் வாரம் எனக்கு மறுபடியும் ஸ்கேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். எனக்காக ஒரு செபம் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உங்களுக்காக நானும் ஒரு செபம் சொல்கிறேன்.