அசையாத காந்தாரம்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று என் தம்பிமார் சொல்வார்கள். உண்மைதான். தந்தி வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும்படி ஒரு முழு உருப்படியை, வழக்கமான ராகக் கட்டு எதுவும் இல்லாமல், மூணாறில் தேயிலைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் உட்கார்ந்து எழுதியவள் நான். எழுபதுகளில் அந்த மலையில் வேறு யாராவது அதைச் செய்திருந்தால் வரச் சொல்லுங்கள், தற்பெருமையை விட்டுவிடுகிறேன்.

என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் டீமேக்கர், கொழுந்து தேயிலையாகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. கொழுந்தை வாடவைக்கும் மாடியில் பெரிய விசிறிகள் பகல் முழுக்க ஒரே குரலில் ஓடும். கல்பாத்தியில் வயலினோடு வளர்ந்த எனக்கு முதலில் அந்தச் சத்தம் தலைவலி. அப்புறம் அதுவே பிடித்துப்போயிற்று. குரல் மாறாது, ஆனால் காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் கனம் மாறும். அதைத்தான் எழுதினேன். வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும், நடுவில் ஒவ்வொன்றாக நின்றுவிடும். வயலினைவிடப் பெரிய, கீழ்க்குரலில் பேசும் செல்லோ மட்டும் ஒரு காந்தாரத்தைத் தனியாக, நீளமாகப் பிடித்திருக்கும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்பி வரவேண்டும். அந்த ஒரு ஸ்வரம் விழுந்தால் உருப்படியே விழுந்துவிடும்.

எஸ்டேட் கிளப்பின் ஆண்டு விழாவில் அதை வாசிக்க அனுமதி வாங்கினேன். என் தம்பிமாரும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் உடுமலை வழியாக வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸின் பின்பாதி முழுக்க வயலின் பெட்டிகள். எல்லாரும் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிப்பவர்கள். செல்லோவுக்கு, மதராஸில் சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கும் அத்தை மகன் வந்தார். வாத்தியம், ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் கிளப்பிலேயே விட்டுப்போனது.

ஒத்திகையில் சின்னத் தம்பி என் உயிரை எடுத்தான். பாடுகிறவர் மூச்சு வாங்கினாலே பக்கவாத்தியக்காரன் வில் உள்ளே நுழைந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். வயலின்கள் நிற்கவேண்டிய இடத்தில் இவன் மட்டும் செல்லோவோடு சேர்ந்து காந்தாரத்தைப் பிடிப்பான். அதையும் கமகத்தோடு அசைத்து அசைத்து. எங்கள் வீட்டில் அசையாத காந்தாரம் என்றால் உப்பில்லாத ரசம்.

“சும்மா இருடான்னா இருக்க மாட்டியா?”

“கை நிக்க மாட்டேங்கறது அக்கா. அவர் தனியா வாசிக்கறச்சே விட்டுட்டு எப்படி உக்காந்திருக்கறது?”

“அவர் தனியா வாசிக்கணும்னுதானே எழுதியிருக்கேன்!”

விழாவுக்கு முந்தின நாள் பனி மூடியது. ஈரத்தில் செல்லோவின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. என் கணவர் யாரிடமும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்தில் சாத்திவைத்தார். எஸ்டேட்டில் மழைக்காலத்தில் கம்பளி முதல் குழந்தைத் துணி வரை அங்கேதான் காயும். காலையில் கொண்டுவந்து தந்தியைத் தட்டிக் காட்டினார்.

“தேயிலைக்கு ஆகும்னா தந்திக்கு மட்டும் ஆகாதோ?”

சுருதி கச்சிதமாக நின்றது. அது ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தியாயிற்றே, இவ்வளவு காயலாமா என்று அத்தை மகன் முணுமுணுத்தார். வேறு தந்திக்கு அந்த மலையில் எங்கே போவது?

அன்று மாலை கிளப் நிறைந்திருந்தது. நானும் ஒரு வயலினோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். ஆரம்பம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போயிற்று. வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சின்னத் தம்பிகூட வில்லை இறக்கிவிட்டான். காந்தாரம் தனியாகக் கேட்டது. அப்போதுதான் செல்லோவின் தந்தி படாரென்று அறுந்தது.

ஆனால் காந்தாரம் நிற்கவில்லை. சின்னத் தம்பி எடுத்துவிட்டிருந்தான், ஒரு ஸ்தாயி மேலே, மெல்லிசாக. நான் அவன் இடது கையைப் பார்த்தேன். விரல் ஊன்றிய இடத்திலேயே இருந்தது. நான் எழுதியது போலவே, நேராக, ஒரு அசைவும் இல்லாமல். அத்தை மகன் பக்கத்துத் தந்தியில் அதே ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து அடியில் சேர்ந்தார். அவர் நிலைத்ததும் இவன் வில்லை மெதுவாக எடுத்துவிட்டான். பிறகு எல்லாரும் எழுதிய இடத்தில் எழுதியபடி திரும்பி வந்தார்கள். கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தோம்.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் வந்து, இது என்ன ராகம் என்று கேட்டார்.

“ராகமில்லை சார். என்னோடது” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

வாசலில் சின்னத் தம்பி காத்திருந்தான். முகத்தில் திட்டு வாங்கப்போகிறவன் களை.

“அக்கா, அசைஞ்சுதா?”

“இல்லைடா” என்றேன். கர்வத்தோடு அவன் வயலின் பெட்டியை வாங்கி நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை என்னைப் பற்றிய கர்வம் இல்லை.

மறுநாள் பென்சிலை எடுத்து, செல்லோ தனியாக வரும் அந்த இடத்தில் ஒரு வயலினையும் சேர்த்து எழுதினேன்.