மூடைக்கு அஞ்சாத முதுகு

ஜிம்முக்கு வருகிறவர்கள் காட்டுவது கையை, மறைப்பது முதுகை. முத்தையாபுரத்தில் ஆறு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். இதைப் படிக்கிற உங்களிலும் பாதிப் பேர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். எடுக்க வேண்டாம், அப்படியே படியுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஒட்டடைக் கம்பு

மாரியப்பன் குடோனில் மூடை சுமக்கிறவர். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடியே. நாற்பத்தைந்து வயது, வாசலை அடைக்கிற தோள். எழுபத்தைந்து கிலோ மூடையைச் சுமந்தபோது முதுகு பிடித்துவிட்டது என்றார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, வலியும் அடங்கிவிட்டது, இனி தசைக்குப் பலம் ஏற்றினால் போதும் என்று சொல்லியிருந்தார். மேஸ்திரிதான் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். அடுத்த மாதம் உர மூடை வருகிறதாம். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சுமந்து காட்டினால் சுமை தூக்கும் கேங்கில் இடம். இல்லையென்றால் வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல். இருபது வருஷம் சுமந்த மனிதர் அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்லும்போது, உட்காரச் சொல்லி நான் போட்ட ஸ்டூலையும் காலால் தள்ளி வைத்தார்.

அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது, பார்பெல் என்கிற எடைக்கம்பியைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்கிற பயிற்சி. ‘குட்மார்னிங்’ என்று அதற்குப் பெயர். அடிமுதுகு, பிட்டம், பின்தொடை மூன்றும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். முதல் நாளே இரும்பைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு மரக்கம்பைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வீட்டுல இத வச்சு ஒட்டடைதான் சார் அடிப்பாவ.”

ஓடிய கம்பி

பத்து நாள் கழித்து இரும்புக்கு வந்தோம். வெறுங்கம்பிதான், இருபது கிலோ. அது ஸ்டாண்டில் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அடியில் போய்த் தோள் கொடுத்து எடுக்க வேண்டும். மாரியப்பனோ கம்பிக்கு முதுகைக் காட்டி, அரைக்குனியலாக நின்று காத்திருந்தார். குடோனில் இரண்டு பேர் மூடையைத் தூக்கி முதுகில் ஏற்றுவார்கள். சுமக்கிறவன் தரையிலிருந்து எதையும் எடுப்பதில்லை. சரி, முதல் தடவைதானே என்று நானும் இன்னொருவருமாக ஏற்றிவிட்டோம். கழுத்தெலும்பில் உட்காரப் போன கம்பியை, கீழே தோள்சதை மேல் நகர்த்தி வைத்தேன்.

பாரம் முதுகில் பட்டதுதான் தாமதம், கால் ஓட ஆரம்பித்துவிட்டது. குட்டிக் குட்டி அடியாக, கண்ணாடியைத் தாண்டி, பெஞ்சில் படுத்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, தண்ணீர் கேன் வரைக்கும் போய்த்தான் நின்றார். ஏழடி நீளக் கம்பி. நான் பின்னாலேயே ஓடினேன். அவர் மூச்சுக்கூட வாங்காமல் திரும்பிப் பார்த்தார்.

“எங்கன இறக்கணும் சார்?”

கதவு சாத்துதல்

அவரை நிற்க வைக்கவே ஒரு வாரம் ஆனது. அடுத்த தொல்லை, குனிவது. குனி என்றால் இறால் மாதிரி முதுகை வளைத்துவிடுவார். வளையக் கூடாத இடமே அதுதான். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: கால் தோள் அகலம், முட்டியில் லேசான தளர்வு, மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும், இரண்டு கையிலும் குடத்தோடு வருகிறவர் கதவைப் பின்பக்கத்தால் சாத்துவது போல. முதுகு நேராகவே இருக்க, உடம்பு தானாக முன்னால் சாயும். பின்தொடை இழுத்துப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, இடுப்பை முன்னால் கொண்டுவந்து நிமிர வேண்டும். அவசரம் கூடாது.

செய்து காட்டினேன். மாரியப்பன் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களையும் பார்த்தார்.

“கல்யாணமான ஆளு செய்யுத காரியமா சார் இது?”

எழுபத்தைந்து கிலோ

ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டு வந்த போனைக் கொடுக்க அவர் மனைவி வந்தார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். அண்ணாச்சிக்கு அந்தப் பெரிய மூடைதான் எமனாக வந்தது என்று அனுதாபமாகச் சொன்னேன். கண்ணாடி முன்னால் கதவு சாத்திக்கொண்டிருந்த மாரியப்பன் பதறிப்போய்க் கையைக் காலை ஆட்டினார். அந்த அம்மா அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

“மூடையா? குளிக்கும்போது சோப்பு வழுக்கி விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சாவ, அப்படியே நின்னுட்டாவ.”

உர மூடை

சோப்பு விஷயம் கேங்குக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் அதுதான் பட்டப்பெயர் என்று மாரியப்பன் கெஞ்சினார். சத்தியம் செய்து கொடுத்தேன். உர மூடை வந்த அன்று குடோனுக்கு நானும் போனேன். இரண்டு பேர் மூடையை அவர் முதுகில் ஏற்றினார்கள். ஐம்பது கிலோ. முதுகு இறாலாகவில்லை. அதே குட்டி அடி, அதே ஓட்டம். மூடை அடுக்குகிற அட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார். இப்படியே முப்பது நடை. மேஸ்திரி தலையாட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மாரியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். காலை அகட்டினார். மூச்சை இழுத்தார். முட்டியைத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல் மெதுவாகச் சாய்ந்து, துண்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். குடோனே வேடிக்கை பார்த்தது. “ஏலே, மூடைய ஓடி ஓடிச் சுமக்குத. ஒரு துண்டுக்கு ஏம்ல இம்புட்டு மரியாத?” என்று மேஸ்திரி கேட்டார். மாரியப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

“மூடைய ஏத்திவிட ரெண்டு பேர் இருக்கானுவ, அண்ணாச்சி. துண்ட நாந்தான எடுக்கணும்.”

இப்போதெல்லாம் முதுகு பிடித்தது என்று யார் வந்தாலும் எத்தனை கிலோ என்று நான் கேட்பதில்லை, என்ன சோப்பு என்றுதான் கேட்கிறேன்.