பட்டில் சுற்றிய வீரன்

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். பழைய பாணி சண்டை வீரர் பொம்மைகளைச் சேர்ப்பது என் பைத்தியம். அதிலும் கம்பெனி வண்ணத்தை நீக்கிவிட்டு, யாராவது கையால் புதிதாகத் தீட்டிய பொம்மை என்றால் விடமாட்டேன். "நாப்பது வயசுல பொம்மை வாங்கிகினு..." என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள்.

போன கோடையில், வந்தவாசிக்காரர் ஒருவர் இரண்டு மாதம் உழைத்துத் தீட்டிய சிவப்பு அங்கி வீரன் வந்து சேர்ந்தான். அதுபோல் இன்னொன்று கிடையாது. நல்ல பொருளுக்குப் பட்டுதானே மரியாதை என்று, தறியில் மிஞ்சிய துண்டில் சுற்றி பீரோவில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால், வெக்கையில் வார்னிஷ் இளகி, அங்கியின் முதுகில் பட்டு ஒட்டிக்கிடந்தது. பதறிப்போய்ப் பிடித்து இழுக்கப் போனேன்.

"கைய எடுங்க! இழுத்தா பெயிண்டும் கூடவே வந்துடும். நெசவுதானே, நூல் நூலா பிரிச்சுடலாம்" என்றாள் மனைவி.

ஊசி முனையால் ஓரத்திலிருந்து ஒவ்வோர் இழையாக உருவினாள். மதியச் சோறு ஆறிப்போனது. கடைசி இழையும் வந்தபோது வண்ணம் அப்படியே இருந்தது. முதுகில் மட்டும் எங்கள் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது.

இப்போது எந்தப் பொம்மையையும் துணியில் சுற்றுவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் காற்றாட நிறுத்துகிறேன்.

"அந்த அச்சு தெரியாம சரி பண்ணித் தரேங்க" என்றார் வண்ணம் தீட்டியவர். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த முதுகைத் திருப்பிக் காட்டுவது இப்போது நான் இல்லை, என் மனைவிதான்.