அமாவாசைக்கு மறுநாள் சைவம்

வைகாசி அமாவாசை, சனிக்கிழமை. காலையில் சிம்பாங் பூலாயிலிருந்து காரில் ஈப்போ பழைய நகரத்துக்குச் சென்றேன். முதல் கடையில் உட்காரவில்லை. இரண்டாவது கடையில் காப்பி வாங்கிப் பாதி குடித்தேன். அங்கிருந்து லகாட்டுக்குச் சென்றேன். மூன்றாவது கடையில் அன்று சைவம் இல்லை. பசியாறாமல் வீடு திரும்பினேன். மழை பெய்யவில்லை.

நடந்தது இவ்வளவுதான். தஞ்சோங் மாலிமில் வரலாறு கற்பித்த காலத்தில், நடந்ததை முதலில் எழுதிவிடுங்கள், பொருளைப் பிறகு தேடலாம் என்று மாணவர்களிடம் சொல்லி வந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் நாற்காலியில் நிலைகொள்ள முடியவில்லை. சமையலறை வரை போய் வந்தேன். வாசல் கதவைத் திறந்து மூடினேன். என் மனைவி பங்குனியில் காலமானாள். அதன் பிறகு எந்த இடத்திலும் என்னால் தொடர்ந்து உட்கார முடிவதில்லை. சாப்பாட்டு மேசையில் அறவே முடிவதில்லை.

நாங்கள் ஓய்வுக்காலத்துக்கு ஈப்போப் பக்கம் திரும்பியதற்கு நான் சொல்லிவந்த காரணம் வீட்டு விலை. அவள் சொன்ன காரணம் காப்பி. கொட்டையை மார்ஜரின் விட்டு வறுத்து, டின் பால் கலந்து இந்த ஊர்ச் சீனர் கடைகளில் போடும் வெள்ளைக் காப்பிக்கு ஈடாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் மகள் பிறந்தபோது வைத்த நேர்த்திக்கடனால் அவள் முழுச் சைவம், முட்டையும் தொடமாட்டாள். அதனால் காலைப் பசியாறல் எங்களுக்கு ஒரே இடத்தில் முடிகிற காரியமாக இருந்ததில்லை. நம்மவர் கடையில் தோசை நன்றாக இருக்கும், காப்பி வெறும் இனிப்பு நீராக இருக்கும். சீனர் கடையில் காப்பி நன்றாக இருக்கும், தட்டில் வருவதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ரொட்டியில் தடவும் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமிலேயே முட்டை உண்டு. ஆகவே சனிக்கிழமைகளில் ஓரிடத்தில் தின்று, இன்னோரிடத்தில் குடித்து வீடு திரும்புவோம். கோயில்களைச் சுற்றுபவர்கள் கூட இவ்வளவு முறையாகச் சுற்றியிருக்க மாட்டார்கள். பழைய நகரத்தின் கடைவீடுகளில் இப்போது திறந்திருக்கும் புதிய கஃபேக்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வரும் இளையோர் வரிசையில் நிற்க, அவள் நேரே உள்ளே போய், மாவில் முட்டை உண்டா, வாணலியில் வெண்ணெயா எண்ணெயா என்று விசாரித்துவிட்டுத்தான் என்னைக் கையசைத்துக் கூப்பிடுவாள்.

நான் சைவ உணவுக்காரன் அல்லன். அவளோடு உட்காரும்போது மட்டும் சைவம். சீனர் கடைகளில் அரைவேக்காட்டு முட்டை அடுத்த மேசைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிடுவாள். "லெக்சரர் சார், வேணும்னா அந்த மேசையில போய் உக்காருங்க. நான் தெரியாதவ மாதிரி இருக்கேன்லா," என்பாள். ஒருமுறை நான் உண்மையிலேயே எழுந்து போனேன். அவள் கடைக்காரரிடம் கண்டோனீஸில் ஏதோ சொல்ல, கடை முழுவதும் சிரித்தது. என்ன சொன்னாள் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. இருபது வயதிலிருந்து கல்யாணம் வரை ஈப்போத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். அந்த மொழி அவளுக்கு அங்கே படிந்தது.

சீனர் கடைகளில் பௌத்த வழக்கப்படி மாதத்தில் இரு நாட்கள் சைவம் என்பதை அவள் வழியாகத்தான் அறிந்தேன். அவர்களுடைய சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், மற்ற நாட்களில் பன்றி இறைச்சியும் இறாலும் போடுகிற கடைகள் சிலவற்றில் காய்கறியும் சோயாவும் மட்டுமே வேகும். அந்த இரு நாட்களும் நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வருபவை. எங்கள் சமையலறைச் சுவரில் தினமும் தாள் கிழிக்கும் தமிழ் நாட்காட்டியும், மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் சீன நாட்காட்டியும் அருகருகே தொங்கின. அவள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நாள் சொல்வாள். எதற்கு இரண்டு என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க ஒண்ணாந்தேதியும் நம்ம அமாவாசையும் அண்ணன் தம்பி மாதிரி. சில மாசம் சேந்தே வருவாங்க. சில மாசம் நம்மாளு மொத வந்துருவான், அவன் மறுநாள்தான் வருவான்," என்றாள். நான் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினேன். நாள் பார்ப்பது அவள் வேலை, கார் ஓட்டுவது என் வேலை என்று ஏற்பாடு அமைந்திருந்தது.

அந்த இரு நாட்களில் நாங்கள் தவறாமல் போனது லகாட்டில் ஒரு காப்பிக் கடை. அதன் முகப்பில் ஒரு சீன அம்மாள் பீஹூன் என்னும் அரிசிச் சேமியாவைக் கிச்சாப் என்கிற சோயாச் சாறு விட்டு வறுத்து விற்கிறார். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்த அம்மாள் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவர் பேசும் தமிழ் என்னுடையதைவிட நாட்டுத் தமிழ். என் மனைவியும் அதைப் போன்ற தோட்டத்தில் பிறந்தவள். இருவரும் தமிழில் தொடங்கிக் கண்டோனீஸில் முடிப்பார்கள், அல்லது நேர்மாறாக. அக்கா என்று அவர் இவளைக் கூப்பிடுவார். அடுப்பின் முன் நின்றபடியே நடக்கும் அந்தப் பேச்சு எந்தெந்தத் தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது, யார் வீடு எந்தத் தாமான் குடியிருப்பில் என்று நீளும்; என் காப்பி ஆறிவிடும்.

காரியங்கள் முடிந்து முதன்முறையாகத் தனியாக அங்கே போனபோது, "அக்கா எங்க, அண்ணே?" என்று அவர் கேட்டார். மகள் வீட்டில் என்றேன். அது முழுப் பொய் அன்று. மகள் தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். என் மனைவி மாசியில் அங்கே போனாள், அங்கேதான் இறந்தாள், அங்கேயே தகனம் நடந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில் அவள் சற்று நேரம் கழித்து வரக்கூடியவளாக இருந்தாள். அதைக் கலைக்க என்னால் இயலவில்லை. உலகத்தில் மற்ற எல்லா இடங்களிலும் அவள் இறந்துவிட்டாள். வங்கியில், மருத்துவமனையில், தேசியப் பதிவுத் துறையில் நானே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்தக் காப்பிக் கடைகளில் மட்டும் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அன்று நான் புறப்பட்டபோது அவர் பீஹூன் பொட்டலம் ஒன்று கட்டிக் கொடுத்தார். மகளைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள், கெட்டுப்போகாது என்றார். எறியவும் கை வரவில்லை, பிறருக்குக் கொடுக்கவும் தோன்றவில்லை. சிம்பாங் பூலாயில் கேமரன் மலைக்குப் பிரியும் சந்திப்பருகே காரை ஓரங்கட்டி, வண்டிக்குள்ளேயே அவசரமாகத் தின்று முடித்தேன். அதற்கடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே பொட்டலம், அதே சாலையோரம். அந்த இரண்டு முறையும் தமிழ் நாட்காட்டியை மட்டும் பார்த்துவிட்டுத்தான் போனேன். இரு நாட்களும் சேர்ந்தே வந்த மாதமாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தவறு தெரியவில்லை.

இந்தச் சனிக்கிழமை முதலில் போனது பழைய நகரத்தில் ஒரு புதிய கஃபே. வாசலில் நின்ற பெண் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டாள். விடை தெரிந்த கேள்விதான். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த தெருவில் நாங்கள் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடையில் உட்கார்ந்தேன். காப்பி போடுகிற பெரியவர் ஒரு கோப்பையை வைத்தார்; நான் பாதி குடித்தபோது எதிர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். லகாட்டுக்குப் போகும் வழியில் எனக்குப் பசி இருந்ததா என்று நினைவில்லை. அங்கே போய்விட்டால் உட்காரலாம் என்ற எண்ணம் இருந்தது.

அந்த அம்மாளின் அடுப்பில் இறால் வறுபட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கரண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, என்னா இன்னிக்கு வந்திருக்கீங்க?"

"அமாவாசைதானே," என்றேன்.

"உங்க அமாவாசை. எங்களுக்கு இன்னிக்கு முப்பதுலா. நாளைக்குத்தான் ஒண்ணு. நாளைக்குத்தான் சைவம்." சிரித்துக்கொண்டே சொன்னார். "படிச்சவரு இப்படிப் பண்ணலாமா? அக்காகிட்ட ஒரு போன் அடிச்சுக் கேட்டுட்டு வரக் கூடாதா?"

எதையாவது சொல்லியிருக்கலாம். மகள் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரிப்பு மெல்ல நின்றது. துணியில் கையைத் துடைத்தார்.

"அக்கா ஒரு தடவகூட நாள் தப்பா வந்ததில்ல," என்றார். "எனக்கே மறந்துபோனாலும் அவுங்க ஞாபகப்படுத்துவாங்க. எந்த ஊர்ல இருந்தாலும் இன்னிக்கு உங்கள அனுப்பியிருக்க மாட்டாங்க."

அடுப்பை அணைத்தார். காத்திருந்த ஒருவரிடம் கண்டோனீஸில் ஏதோ சொல்ல, அவர் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"பங்குனியில."

"எங்க?"

"மக வீட்டுல."

"அப்ப நீங்க பொய் சொல்லல," என்றார். வாணலியிலிருந்த இறாலைக் கரண்டியால் ஓரம் தள்ளினார். பிறகு குரல் மாறியது. "ரெண்டு பொட்டலம் குடுத்தேனே, அது யாரு சாப்புட்டது?"

"நான்தான்."

"கிச்சாப் தூக்கலா இருந்திருக்கும்."

"கொஞ்சம்."

"அக்காவுக்குன்னு போட்டது. அவுங்களுக்கு அப்படித்தான் வேணும். உங்களுக்குன்னா கம்மியா போட்டிருப்பேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் தெரிந்தது. நான் மேசை மீதிருந்த மிளகாய்க் கிண்ணத்தின் மூடியைச் சரியாக வைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அவர் திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. அடுப்புப் புகை என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.

"நாளைக்கு வாங்க, அண்ணே," என்றார். "பொட்டலம் கட்ட மாட்டேன். இங்கேயே உக்காந்து சாப்புடணும்."

வரேன் என்று சொன்னேனா என்று தெரியவில்லை. காரில் ஏறியபின், பேராக் மாநிலம் முழுவதும் சுற்றினாலும் இனி அவள் வெளியூர் போயிருக்கும் கடைகளில் ஒன்று குறைந்துவிட்டது என்று தோன்றியது. அதோடு வேறொன்றும் தோன்றியது. அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை; அவரே கண்டுகொண்டார். மருத்துவர் மகளிடம் சொன்னார், மகள் உறவினரிடம் சொன்னாள், அலுவலகங்களில் படிவங்கள் சொல்லின. என் மனைவி இறந்துவிட்டாள் என்ற வாக்கியத்தை நான் இதுவரை ஒரு மனிதரிடமும் என் வாயால் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் பேசிப் பிழைத்தவனுக்கு இது விசித்திரமான நிலை. வீட்டுக்கு வந்து மேலே உள்ள குறிப்பை எழுதினேன். அதிலும் அந்த வாக்கியம் இல்லை. அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் காலமானாள் என்ற மரியாதையான சொல்லில்.

செய்யாமல் நிற்பவை:

பழைய நகரத்துக் காப்பிக் கடைப் பெரியவரிடம், அவர் கேட்பதற்கு முன் சொல்ல வேண்டும்.

சிம்பாங் பூலாய் தோசைக் கடையிலும் சொல்ல வேண்டும்.

சீன நாட்காட்டியில் ஒன்றும் பதினைந்தும் எந்த எழுத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளைக் காலை லகாட்டில், தட்டு காலியாகும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.