பத்தாவது ஆள்

வழிபாட்டு இடத்தைப் பெருக்கித் துடைத்துப் பிழைக்கிற என் சக ஜீவன்களே, சாமி யாருடையதாக இருந்தாலும் தூசி நம்முடையதுதான்.

நான் பெருக்குவது திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டியிருக்கிற யூத ஜெபக்கூடம். கொச்சியிலிருந்து புகையிலை வியாபாரத்துக்கு வந்த சில குடும்பங்கள் அந்தக் காலத்தில் கட்டியது. எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சாமுவேல் சார் மட்டும். வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபிறகு, கூடத்தின் பின்கட்டு அறையை எனக்கும் பாப்பாவுக்கும் கொடுத்தவர் அவர். அவள் தூங்கியதும், தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எந்தச் சபை?

பலகையில் ‘ஜெப’ என்று பார்த்ததுமே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருத்தர் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தார். உள்ளே சிலுவை இல்லை, படம் இல்லை. கான்வென்ட்டில் படித்த மறைக்கல்வியை எல்லாம் கூட்டி, இது யூதர் கோயில் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, ஏசுவே யூதர்தானுங்களே, அவரையே உள்ள விடலீன்னா எம்பட மூட்டுவலிக்கு இங்க என்னங்க கெடைக்கும்?”

இருட்டா இருக்கு

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், சார் சுவிட்சைத் தொடமாட்டார். போடச் சொல்லவும் கூடாதாம். வந்த புதிதில், சிஸ்டர்கள் பழக்கிய சிக்கனத்தில், போகிறபோக்கில் விளக்கை அணைத்துவிட்டேன். “ஜெசிந்தா, இங்க இருட்டா இருக்கு” என்றார். “ஆமா சார்” என்றேன். செத்த நேரம் கழித்து, “ரொம்ப இருட்டா இருக்கும்மா” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். கடைசியில் டீக்கடை பாய் வந்துதான் சுவிட்சைப் போட்டார். “ஏம்மா, கான்வென்ட்ல படிச்ச புள்ள, ஒரு மனுசன் இம்புட்டுத் தடவை இருட்டுங்குறாரு, ஆமா போட்டுக்கிட்டா நிப்ப?”

எண்ணாமல் எண்ணுவது

சாரின் மனைவி இறந்த நாளில் ஒவ்வொரு வருஷமும் ஒரு ஜெபம் உண்டு. பத்து யூத ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்லலாம். நானும் பாப்பாவும் கணக்கில் வரமாட்டோம். கொடைக்கானலில் தங்கியிருக்கும் இஸ்ரேல் பையன்களுக்குச் சொல்லி அனுப்புவார். வத்தலக்குண்டில் பஸ் மாறி வருவார்கள்.

அவர்கள் வழக்கத்தில் மனிதரை எண்ணக் கூடாது. அதனால் பத்து வார்த்தை உள்ள ஒரு வசனத்தை எடுத்து, தன்னில் தொடங்கி ஆளுக்கொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போவார். வசனம் முடிந்தால் ஆள் சரி. போன வருஷம் முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “வசனம் முடியாத வருஷம் இதைப் பூட்டிட்டு மககிட்டப் போயிருவேன்மா.”

பூட்டு விழுந்தால் பின்கட்டுக்கும் சேர்த்துத்தான்.

பாதுகாப்பு

இஸ்ரேலில் சண்டை மூண்டதிலிருந்து இங்கே தெருவில் ஒரு பைக் நின்றால் பாப்பாவை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவேன். ஆள் கூடினாலும் பயம், கூடாவிட்டாலும் பயம். சாரின் மகள் அங்கிருந்தபடியே ஒரு காவலாளியை ஏற்பாடு செய்தாள். பரமசிவம் அண்ணன், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் கேட்டில் நின்று பழகியவர். வந்ததும் முதல் வேலையாகப் பாயின் டீத் தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார். பாய் தூக்கைக் கீழே வைத்தார். “எங்க அத்தா காலத்துலருந்து இங்க டீ வருது தம்பி. யாரும் மோந்து பாத்ததில்ல.”

கடைசி வார்த்தை

இந்த வருஷம் பையன்கள் பயந்து பயந்துதான் வந்தார்கள். சார் விரல் நீட்டி வசனம் சொன்னார். கடைசி வார்த்தைக்கு ஆள் இல்லை. அது அவர் வாயிலேயே நின்றுவிட்டது. ஒருவன் பஸ்ஸைத் தவறவிட்டுப் பின்னால் வருகிறான், போனை எடுக்கவில்லை என்றார்கள். பொழுது சாய்ந்தால் அந்த நாள் முடிந்துவிடும். சாய்ந்தது. சார் புத்தகத்தை மூடினார்.

பாப்பாவைத் தேடிக் கேட்டுக்குப் போனேன். பரமசிவம் அண்ணன் அவளுக்கு முறுக்கு ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“வந்தான் தங்கச்சி ஒரு தாடிக்காரன், முதுகுல பெரிய மூட்டையோட. பாஸ்போர்ட்டு ரூம்ல இருக்குங்குறான். உள்ள ஆள் போயி ஷிப்ட்டு ஆரம்பிச்சாச்சு, நாளைக்கு வான்னு திருப்பி விட்டுட்டேன். நீ பாப்பாவோட பயமில்லாமத் தூங்கு.”

சார் கூடத்தைப் பூட்டிவிட்டு மகளிடம் கிளம்புகிறார், காவல் மட்டும் தொடருமாம். ஆக, இனி அந்தக் கேட்டுக்குள் விடக்கூடாத ஆட்களில் நானும் பாப்பாவும் சேர்த்தி.